வருடாந்திரக் குடும்ப கோல்ஃப் போட்டி: எந்த முறையில் ஆடலாம்?

"பதினாறு பேர் வருகிறோம். மூன்று பேர் நன்றாக ஆடுவார்கள். ஏழெட்டுப் பேர் சுமார். மீதிப் பேர் வருடத்துக்கு ஒரு தடவை, இந்தப் போட்டிக்காக மட்டும் கிளப்பைக் கையில் எடுப்பவர்கள். எந்த முறையில் வைத்தால் சரியாக வரும்?"

நண்பர்களும் சொந்தக்காரர்களும் சேர்ந்து வருடா வருடம் கோல்ஃப் ஆடும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி எழும். மாமாவுக்கு ஒவ்வொரு ஸ்ட்ரோக்கையும், அதாவது ஒவ்வொரு அடியையும், எண்ணி ஆடினால்தான் அது கோல்ஃப். மச்சானுக்கு இரண்டு அணி பிரித்து மோதியாக வேண்டும். அண்ணிக்கு நேரத்தோடு முடிந்தால் போதும். ஏற்பாடு செய்பவர் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் "போன வருஷம் மாதிரியே ஆடிடலாம்" என்று விட்டுவிடுவார்.

நடைமுறையில் நான்கு முறைகளுக்குள்தான் தேர்வு: ஸ்ட்ரோக் பிளே, ஸ்டேபிள்ஃபோர்டு, ஸ்க்ராம்பிள், அணிகளாகப் பிரிந்து ஆடும் மேட்ச் பிளே. இவற்றை ஒட்டிய இன்னும் இரண்டு மூன்று வகைகளைப் பின்னால் தொட்டுவிட்டுப் போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் முதல் கேள்வி இதுதான்: கடைசி இடத்தில் வருபவருக்கு அன்றைய நாள் எப்படிப் போகும்? ஜெயித்தவர் அடுத்த வருடம் எப்படியும் வருவார், கோப்பையைத் திருப்பிக் கொடுக்கவாவது வந்தாக வேண்டும். பின்வரிசையில் இருக்கும் நாலைந்து பேர் "இந்தத் தடவை வேறு வேலை இருக்கு" என்று சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் வருடாந்திரப் போட்டி மெல்ல நின்றுபோகிறது. அதனால் கீழே ஒவ்வொரு முறையையும் பின்வரிசையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆடுபவர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் வரலாம், பரவாயில்லை.

இரண்டாவது, திறமை இடைவெளி. ஹேண்டிகேப் என்பது ஒருவரின் திறமைக்கேற்ப அவர் ஸ்கோரிலிருந்து கழிக்கத் தரும் ஸ்ட்ரோக் சலுகை, ஆட்டம் சுமாராக இருந்தால் அது பெரிதாகும். 2020-ல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் அந்த எண் (இன்டெக்ஸ்) 54.0 வரை போகலாம். ஆக, 6 ஹேண்டிகேப் உள்ளவரும் 54 ஹேண்டிகேப் உள்ளவரும் ஒரே போட்டியில் சமமாக ஆடலாம், காகிதத்தில். நிஜத்தில் 6-காரரின் ஸ்கோர் நாளுக்கு நாள் கொஞ்சம்தான் மாறும். 54-காரரின் ஸ்கோர் ஒரு நாள் எங்கோ, மறுநாள் எங்கோ இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் எந்த முறையில் யாருக்குச் சாதகம் என்று பார்க்க வேண்டும். அதோடு, உங்கள் கூட்டத்தில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே பதிவான ஹேண்டிகேப் இருக்கிறது என்பதும் கேள்வி.

மூன்றாவது, நேரம். நான்கு பேர் கொண்ட குழு 18 ஹோல் (டீ எனும் தொடக்க இடத்திலிருந்து பந்தைக் குழிக்குள் போடும் வரை ஒரு ஹோல்) முடிக்க நான்கு, நாலரை மணி நேரம் ஆவது சாதாரணம். புதிதாக ஆடுபவர்கள் நிறையப் பேர் இருந்தால் ஐந்தைத் தாண்டும். மைதானத்தில் உங்கள் பின்னால் வேறு குழுக்களும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, கணக்கு வேலை. ஆட்டம் முடிந்து எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் கார்டுகளோடு மல்லுக்கட்டுவார். அவரும் அன்றைக்கு ஆடியவர்தான், அவருக்கும் களைப்பு.

ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: அன்று காலையில் ஒருவர் வர முடியவில்லை என்று போன் செய்தால் என்ன ஆகும்? சில முறைகள் அதைத் தாங்கும், சிலவற்றில் மொத்த ஏற்பாடும் சாயும்.

## ஸ்ட்ரோக் பிளே

எல்லாருக்கும் புரிந்த முறை. 18 ஹோலிலும் அடித்ததை எண்ணுங்கள், ஹேண்டிகேப்பைக் கழியுங்கள், குறைந்த எண் வைத்திருப்பவர் ஜெயித்தார். விளக்கம் சொல்லத் தேவையில்லை. போன வருட ஸ்கோரோடு இந்த வருட ஸ்கோரை ஒப்பிடலாம், "முதல் தடவையாக நூறுக்குள் முடித்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கு வேலையும் மிகக் குறைவு. யாராவது வராவிட்டால் ஒரு கார்டு குறையும், அவ்வளவுதான்.

சிக்கல், ஒரு ஹோல் மொத்த நாளையும் சாப்பிட்டுவிடும் என்பது. இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பார் 4 ஹோல், அதாவது நல்ல ஆட்டக்காரர் நான்கு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டியது. ஒருவரின் பந்து கிரீன் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) பக்கத்து பங்கரில் (மணல் பள்ளத்தில்) விழுகிறது. முதல் அடியில் மணல்தான் பறக்கிறது, பந்து அசையவில்லை. இரண்டாவதில் பந்து பங்கரின் உதட்டில் மோதி அவர் காலடிக்கே உருண்டு வருகிறது. மூன்றாவதில் கிரீனைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பங்கரில் போய் உட்காருகிறது. மற்ற மூவரும் பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) மேல் சாய்ந்தபடி வேறெங்கோ பார்க்கிறார்கள், ஏனென்றால் அவரைப் பார்த்தால் அவருக்கு இன்னும் பதற்றமாகும். "பரவாயில்லைங்க, மெதுவா" என்று ஒருவர் சொல்கிறார், அது இன்னும் மோசம். கடைசியில் கார்டில் 14 என்று எழுதுகிறார்கள். அது மூன்றாவது ஹோல். இன்னும் பதினைந்து ஹோல் பாக்கி, அவர் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது. இதற்குமேல் அவர் வெயிலில் நடக்கிறார், அவ்வளவுதான்.

மறைமுகச் செலவு நேரம். ஸ்ட்ரோக் பிளேயில் ஒவ்வொருவரும் பந்தைக் குழிக்குள் போட்டே தீர வேண்டும். காணாமல்போன பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான் (அதற்கு முன் ஐந்து), ஆனாலும் ஒரு ரவுண்டில் நான்கு பேர் மாறி மாறித் தேடினால் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு விதிப்புத்தகத்திலேயே ஒரு வழி உண்டு. 2019-ல் அதிகபட்ச ஸ்கோர் என்ற முறை ஸ்ட்ரோக் பிளேயின் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டது. பாரின் இரண்டு மடங்கு, அல்லது 10, அல்லது நிகர டபுள் போகி (ஹேண்டிகேப் சலுகை கழித்தபின் பாரைவிட இரண்டு அதிகம்) என்று ஒரு வரம்பை முன்கூட்டியே வைத்துவிடலாம். அதை எட்டியதும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போகலாம். மேலே சொன்னவர் பாரின் இரண்டு மடங்கு வரம்பில் 8 எழுதிக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்திருப்பார். ஸ்ட்ரோக் பிளேதான் வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றால் இந்த வரம்போடு வையுங்கள்.

வரம்பில்லாத ஸ்ட்ரோக் பிளே பொருந்துவது எல்லாருமே அடிக்கடி ஆடுபவர்களாக, பெரும்பாலும் 18-க்குள் ஹேண்டிகேப் உள்ள சிறு கூட்டத்துக்குத்தான். குழந்தைகளும் புதியவர்களும் வரும் போட்டிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஸ்டேபிள்ஃபோர்டு

டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்பவர் மேலே சொன்ன அதே துக்கத்தைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தார். காற்று பலமாக அடிக்கும் மைதானத்தில், ஆரம்ப ஹோல்களிலேயே கெட்டுப்போனவர்கள் மனம் விட்டுப்போவதை அவர் கவனித்திருந்தார். 1898-லேயே வேல்ஸில் ஒரு முயற்சி செய்து பார்த்தார். இன்றைக்கு நாம் ஆடும் வடிவில் முதல் போட்டி 1932 மே 16 அன்று இங்கிலாந்தின் வாலஸி கோல்ஃப் கிளப்பில் நடந்தது.

ஸ்ட்ரோக்குக்குப் பதில் புள்ளி. ஹேண்டிகேப் கழித்தபின் ஒரு ஹோலில் போகி (பாரைவிட ஒன்று அதிகம்) என்றால் 1, பார் என்றால் 2, பேர்டிக்கு (ஒன்று குறைவு) 3, ஈகிளுக்கு (இரண்டு குறைவு) 4. டபுள் போகியோ அதற்கு மேலோ என்றால் பூஜ்யம். அதிகப் புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். எல்லா ஹோலிலும் நிகர பார் எடுத்தால் 36 புள்ளி. அதுதான் "என் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடினேன்" என்பதன் அர்த்தம்.

28 ஹேண்டிகேப் உள்ள சித்தப்பாவை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 18 ஹோலிலும் ஒவ்வொரு ஸ்ட்ரோக் சலுகை, மிகக் கடினமான 10 ஹோல்களில் இன்னொன்று கூடுதல். கடினமான ஒரு பார் 4 ஹோலில் அவர் 6 எடுத்தால் நிகர பார், 2 புள்ளி. 7 எடுத்தால் 1 புள்ளி. ஏழு அடித்தும் பந்து குழிக்குள் போகவில்லையா, பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதே ஹோலில் ஸ்ட்ரோக் பிளேயில் 14 எடுத்திருந்தால் நிகரமாக பாரைவிட எட்டு அதிகம், அதை மீட்கவே முடியாது. ஸ்டேபிள்ஃபோர்டில் அந்த ஹோலில் போனது இரண்டே புள்ளி. அடுத்த இரண்டு ஹோலில் நிகர பேர்டி போட்டால் திரும்ப வந்துவிடும்.

நேரமும் மிச்சம். புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துவிடலாம், கடைசி மூன்று பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) யாருக்காகவும் அடிக்க வேண்டாம். ஆள் குறைந்தாலும் எதுவும் கெடாது.

மறைமுகச் செலவு கார்டில் இருக்கிறது. எந்த ஹோலில் எத்தனை ஸ்ட்ரோக் சலுகை என்று புதியவர்களுக்குத் தெரியாது. மைதானத்தின் கார்டில் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் என்று, மிகக் கடினமான ஹோலுக்கு 1 எனத் தொடங்கி, 18 வரை எண்கள் இருக்கும், அதைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கிரீனிலும் "எனக்கு இங்கே ஒண்ணா ரெண்டா?" என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தால் மிச்சமான நேரமெல்லாம் போய்விடும். முதல் நாள் இரவே உட்கார்ந்து ஒவ்வொருவர் கார்டிலும், சலுகை உள்ள ஹோல்களில் பேனாவால் பொட்டு வைத்துவிடுங்கள். ஒன்று என்றால் ஒரு பொட்டு, இரண்டு என்றால் இரண்டு. ஆடும்போது அடித்ததை மட்டும் எழுதினால் போதும், மீதியை மேசையில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பந்தைப் பாதியில் எடுப்பதைச் சில பெரியவர்கள் தோல்வியாக நினைப்பார்கள். "எடுத்துடுங்க மாமா" என்று சின்னப் பையன் சொன்னால் கோபம் வரும். இது விதியின் ஒரு பகுதி, மரியாதைக் குறைவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. முழு ஸ்கோர் கிடைக்காது என்பதால் "நூறுக்குள் முடித்தேன்" வகைப் பெருமைக்கும் இதில் இடமில்லை.

தனிநபர் கோப்பை ஒன்று இருக்க வேண்டும், திறமை இடைவெளி பெரிது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஹேண்டிகேப் இருக்கிறது என்றால் இதற்கு மேல் ஒன்றும் தேட வேண்டாம். தனிநபர் ஸ்ட்ரோக் பிளேக்கும் ஸ்டேபிள்ஃபோர்டுக்கும் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம் எடுப்பது பரிந்துரை. அளவுகோலில் சொன்ன அந்த ஏற்ற இறக்கம்தான் காரணம்: ஆட்கள் நிறைய இருந்தால், உயர்ந்த ஹேண்டிகேப்காரர்களில் யாராவது ஒருவருக்கு அன்று வாழ்நாள் ரவுண்டு அமைந்துவிடும். அந்த 5 சதவீதம் அதைக் கொஞ்சம் சமன் செய்கிறது.

## ஸ்க்ராம்பிள்

நான்கு பேர் ஓர் அணி. நால்வரும் டீயிலிருந்து அடிப்பார்கள். அதில் நல்ல பந்து எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து, நால்வரும் அங்கிருந்தே அடுத்ததை அடிப்பார்கள். குழிக்குள் போகும் வரை இப்படியே. அணிக்கு ஒரே ஸ்கோர்.

இதில் ஒருவர் பந்து தண்ணீருக்குள் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. பதினெட்டு ஹோலும் சொதப்பியவர்கூட, பதினோராவது ஹோலில் அடித்த நல்ல பட் ஒன்றை வைத்து ராத்திரி முழுக்கப் பேசலாம். ஹேண்டிகேப் இல்லாதவர், போன மாதம்தான் ஆடத் தொடங்கிய மருமகள், பன்னிரண்டு வயதுப் பையன் எல்லாரும் ஓர் அணியில் அடங்குவார்கள். பின்வரிசைப் பார்வையில் இதற்கு நிகரில்லை.

கிரீனில்தான் இதன் அழகு தெரியும். பதினைந்து அடி தூரத்து பட். முதலில் அடிப்பவருடையது குழிக்கு இடதுபக்கம் ஒதுங்குகிறது. அடுத்தவர் கொஞ்சம் வலப்பக்கம் பிடிக்கிறார், லைன் சரி, ஆனால் ஒரு பந்து அகலம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. மூன்றாவதாக வருபவருக்கு இப்போது திசையும் தெரியும், வேகமும் தெரியும். பெரும்பாலான அணிகள் நல்ல ஆட்டக்காரரைக் கடைசியில் வைப்பார்கள், அது சரி. குடும்பப் போட்டியில் மூன்றாவது இடத்தைப் புதியவருக்குக் கொடுங்கள். இரண்டு பேர் வழி காட்டியாயிற்று, தவறினால் காப்பாற்றப் பின்னால் ஒருவர் இருக்கிறார். அவர் போடும் பட்டுதான் அணிக்கு உண்மையில் உதவும் பட்டாக இருக்கும்.

இனி செலவுப் பக்கம், இதற்கு அது கொஞ்சம் நீளம்.

நன்றாக ஆடுபவரின் பந்தையே 18 ஹோலும் எடுத்தால், மற்ற மூவரும் பார்வையாளர்கள். இதற்கு ஒவ்வொருவர் டீ ஷாட்டும் குறைந்தது மூன்று தடவை பயன்பட வேண்டும் என்று விதி வைப்பது வழக்கம். நால்வருக்கும் சேர்த்து 12 ஹோல் அப்படிப் போய்விடும், மீதி ஆறு ஹோலில்தான் இஷ்டம்போல் எடுக்கலாம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: அணிகள் இந்தக் கடனைத் தள்ளிப்போட்டு, கடைசி நாலு ஹோலில் மருமகளின் டிரைவை (டீ ஷாட்டை) எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் அவரை நிற்க வைத்துவிடுவார்கள். அவருக்கு அதைவிடப் பெரிய அழுத்தம் வேறில்லை. முதல் ஒன்பதுக்குள்ளேயே ஒவ்வொருவருடையதும் ஒன்றாவது வந்துவிட வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நேரமும் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. பந்து தேடுவது குறையும், ஆனால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் நான்கு பேர் அடிப்பார்கள், "எதை எடுக்கலாம்" என்று கூட்டம் போடுவார்கள். மூன்றாவது பட் உள்ளே போனபின்னும் நான்காமவர் "நானும் ஒண்ணு அடிச்சுக்கறேன்" என்பார்.

விதிகளையும் நீங்களேதான் எழுத வேண்டும். உலக கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ அமைப்புகள் வெளியிடும் விதிகளின் முக்கியப் பகுதியில் ஸ்க்ராம்பிள் இல்லை, போட்டி நடத்துவோருக்கான வழிகாட்டுதலில் வேறு வகை ஆட்டமாகத்தான் வருகிறது. தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பந்தை வைக்கலாம்? ஒரு கிளப் (மட்டை) நீளம், குழிக்கு அருகே போகாமல் என்று வைத்துக்கொள்ளலாம். ரஃப்பில் (ஓரத்து நீளப் புல்லில்) இருந்தால் ரஃப்பிலேயே வைக்க வேண்டுமா? வேண்டும் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கிளப் நீளத்தில் பந்து ஃபேர்வேக்கு (நடுவே உள்ள வெட்டிய புல்தரைக்கு) வந்துவிடும். இந்த ஸ்கோர் யாருடைய ஹேண்டிகேப் பதிவுக்கும் செல்லாது என்பதையும் முன்பே சொல்லிவிடலாம்.

அணி பிரிப்பது எப்படி? வந்தவர்களைத் திறமை வரிசையில் நிறுத்தி நான்கு கூறாகப் பிரியுங்கள், ஒவ்வொரு கூறிலிருந்தும் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். "நாங்க நாலு பேரும் ஒண்ணா ஆடிக்கிறோம்" என்பவர்களுக்கு இடம் கொடுத்தால் போட்டி அங்கேயே தீர்ந்தது. அணி ஹேண்டிகேப்புக்குப் பரிந்துரை, குறைந்தவரிடமிருந்து தொடங்கி 25, 20, 15, 10 சதவீதம். 10, 16, 24, 36 ஹேண்டிகேப் உள்ள நால்வர் என்றால் 2.5, 3.2, 3.6, 3.6. கூட்டினால் 12.9, அதாவது 13.

ஒருவர் வராமல் போனால்? மூவர் அணிக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய்ப்பு குறைகிறது. மூவரும் மாறி மாறி நான்காவது பந்தை அடிக்கலாம் என்று வைத்தால் பெரும்பாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

## அணி மேட்ச் பிளே

அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை பார்த்துவிட்டு வரும் ஆசை இது. 1927-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் இப்போது அணிக்கு 12 பேர், மொத்தம் 28 புள்ளி: 8 ஃபோர்சம்ஸ் (ஜோடிக்கு ஒரே பந்து), 8 ஃபோர்பால் (ஜோடியில் அவரவர் பந்து), 12 ஒற்றையர். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆறுக்கு ஆறு என்றால் காலையில் மூன்று ஃபோர்பால், மதியமோ மறுநாளோ ஆறு ஒற்றையர், ஒன்பது புள்ளி. நாலுக்கு நாலு என்றால் இரண்டும் நாலுமாக ஆறு.

மேட்ச் பிளேயில் ஒவ்வொரு ஹோலும் தனி. குறைந்த ஸ்ட்ரோக்கில் முடித்தவருக்கு அந்த ஹோல், அதிக ஹோல் ஜெயித்தவருக்கு ஆட்டம். 14 எடுத்தாலும் 5 எடுத்துத் தோற்றாலும் போவது ஒரே ஹோல்தான். ஹேண்டிகேப் 8-ம் 28-ம் மோதினால் வித்தியாசம் 20, ஹேண்டிகேப் உயர்ந்தவருக்கு எல்லா ஹோலிலும் ஒரு ஸ்ட்ரோக், மிகக் கடினமான இரண்டில் இன்னொன்று. கணக்கு வேலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சம பலமுள்ளவர்களைக் கேப்டன்கள் கோத்துவிட்டால், பின்வரிசையில் இருக்கும் இருவரின் ஆட்டம் கோப்பையையே தீர்மானிக்கலாம். எல்லாரும் அவர்களின் கடைசி கிரீனில் வந்து நிற்பார்கள். வேறெந்த முறையிலும் 40 ஹேண்டிகேப்காரருக்கு அப்படி ஒரு கூட்டம் சேராது.

ஆனால் குடும்பத்துக்குள் இது சூடு பிடிக்கும். அப்பா வீட்டுப் பக்கம், அம்மா வீட்டுப் பக்கம் என்று மட்டும் அணி பிரிக்காதீர்கள், சொல்லிவிட்டேன். அதே அணிகள் வருடா வருடம் நிலைத்தால் ஒரு பக்கம் தொடர்ந்து ஜெயிக்கும், மறுபக்கம் ஆள் பிடிக்கக் கிளம்பும். வருடத்துக்கு ஒருமுறை கலைத்துப் பிரிப்பதே ஆரோக்கியம்.

சண்டைக்கு முதல் காரணம் விட்டுக்கொடுக்கும் பட். குழிக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தை எதிராளி "எடுத்துக்கோ" என்று சொல்லிவிடலாம். சொன்னால் சொன்னதுதான், விதிப்படி அதைத் திரும்பப் பெற முடியாது, வாங்கிக்கொள்ள மறுக்கவும் முடியாது. காலையில் எல்லாம் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பதினாறாவது ஹோலில் அதே தூரத்துக்குத் திடீரென வாய் மூடிக்கொண்டால் மனக்கசப்பு வரும். 1969 ரைடர் கோப்பையின் கடைசி கிரீனில் பிரிட்டனின் டோனி ஜாக்லினுடைய சிறிய பட் ஒன்றை அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ் விட்டுக்கொடுத்து, போட்டி 16-16 என்று சமனானது. கோல்ஃப் உலகம் இன்றும் கொண்டாடும் அந்தச் செயல், நிக்லாஸின் சொந்த கேப்டன் சாம் ஸ்னீடுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் போட்டியில் பட்டர் பிடியின் நீளத்துக்குள் இருந்தால் தானாகவே விட்டதாகக் கணக்கு என்று வைத்துவிட்டால் பாதித் தலைவலி போகும்.

இன்னொரு மறைமுகச் செலவு: ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடலாம். ஐந்து ஹோல் முன்னிலை, மீதி நாலுதான் என்றால் 14-வது ஹோலோடு சரி. தோற்றவர் மீதி நாலு ஹோல் எதற்காக நடப்பது? அதற்காகவே 15-க்குப் பிறகு வரும் ஒரு பார் 3-ல் 'குழிக்கு மிக அருகில்' பரிசை வைப்பது பழைய தந்திரம்.

பெரிய பலவீனம் எண்ணிக்கை. இரட்டைப்படையில் ஆள் வேண்டும். காலையில் ஒருவர் வரவில்லை என்றால் ஒரு மேட்ச் அந்தரத்தில் நிற்கும். யாராவது கடைசி நிமிடத்தில் கழன்றுகொள்வது உங்கள் கூட்டத்தில் வாடிக்கை என்றால் இதைத் தொடாதீர்கள்.

## கொசுறாகச் சில

ஃபோர்பால்: இருவர் ஓர் அணி, அவரவர் பந்தை அவரவர் ஆட வேண்டும், ஹோலுக்கு இருவரில் நல்ல ஸ்கோர் எதுவோ அது. சொந்தப் பந்தைக் கடைசிவரை ஆடும் திருப்தியும் இருக்கிறது, சொதப்பினால் துணையும் இருக்கிறது. ஸ்டேபிள்ஃபோர்டு புள்ளிகளோடு சேர்த்தால் ஸ்க்ராம்பிளுக்கும் தனிநபர் போட்டிக்கும் நடுவே நல்ல சமரசம்.

ஃபோர்சம்ஸ்: இருவர், ஒரே பந்து, மாறி மாறி அடிப்பது. வேகமானது. கணவனையும் மனைவியையும் ஒரே ஜோடியாகப் போடும்முன் அவர்கள் இருவரையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பியோரியா: யாருக்கும் ஹேண்டிகேப் இல்லாத கூட்டத்துக்கு. ஏற்பாட்டாளர் ஆறு ஹோல்களை ரகசியமாகத் தேர்ந்து உறையில் வைப்பார், ஒவ்வொரு பாதியிலும் ஒரு பார் 3, ஒரு பார் 4, ஒரு பார் 5. ஆட்டம் முடிந்ததும் அந்த ஆறின் ஸ்கோரை மூன்றால் பெருக்கி, பார் 72-ஐக் கழித்து, அதில் 80 சதவீதம் அன்றைய ஹேண்டிகேப். ஆறில் 36 எடுத்தவருக்கு 108 கழித்தல் 72, அதாவது 36. அதில் 80 சதவீதம் 28.8. மொத்தம் 104 அடித்திருந்தால் நிகரம் 75.2. பாதி அதிர்ஷ்டம்தான், ரகசிய ஹோலில் சொதப்பியவருக்கு லாபம். நன்றாக ஆடுபவர்கள் முணுமுணுப்பார்கள், மற்றவர்கள் உறை பிரிக்கும்போது கூச்சல் போடுவார்கள்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | ஸ்ட்ரோக் பிளே | ஸ்டேபிள்ஃபோர்டு | ஸ்க்ராம்பிள் | அணி மேட்ச் பிளே |
|---|---|---|---|---|
| கடைசி ஆளுக்கு | கடினம். வரம்பு வைத்தால் பரவாயில்லை | நன்று | மிக நன்று | ஜோடி சரியாக அமைந்தால் மிக நன்று |
| திறமை இடைவெளி | தாங்காது | தாங்கும், ஹேண்டிகேப் தேவை | எதையும் தாங்கும் | தாங்கும், ஹேண்டிகேப் தேவை |
| நேரம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் | குறைவு; இரண்டு சுற்று என்றால் முழு நாள் |
| கணக்கு வேலை | மிகக் குறைவு | முன்தயாரிப்பு வேண்டும் | குறைவு, ஆனால் விதி எழுத வேண்டும் | மிகக் குறைவு |
| ஆள் வராவிட்டால் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | சமாளிக்கலாம் | சிக்கல் |
| சண்டை வரும் இடம் | பந்து தேடுவது, எண்ணுவது | ஹேண்டிகேப் நேர்மை | அணி பிரிப்பு | விட்டுக்கொடுக்கும் பட் |

## சரி, யாருக்கு எது

ஆரம்பத்தில் கேட்ட பதினாறு பேர் கூட்டத்துக்கு ஸ்க்ராம்பிள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் வருடத்துக்கு ஒருமுறை ஆடுபவர்கள் என்றாலே அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம். நன்றாக ஆடும் அந்த மூவருக்கு வருத்தம் வந்தால், மறுநாள் காலை தனியாக ஒரு ஸ்ட்ரோக் பிளே ஆடிக்கொள்ளட்டும்.

பெரும்பாலானவர்கள் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது ஆடுபவர்கள், எல்லாருக்கும் பதிவான ஹேண்டிகேப் உண்டு, கோப்பையில் ஒரு பெயர் பொறிக்க வேண்டும் என்றால் ஸ்டேபிள்ஃபோர்டு. இதோடு ஒரு வீட்டு விதியும் சேர்க்கலாம்: ஜெயித்தவருக்கு அடுத்த வருடம் இந்தப் போட்டிக்கு மட்டும் ஹேண்டிகேப்பில் இரண்டு ஸ்ட்ரோக் வெட்டு. ஒரே ஆள் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பையைக் கொண்டுபோவதை இது முழுதாகத் தடுக்காது, ஆனால் மற்றவர்கள் வாயை அடைக்கும்.

எட்டு அல்லது பன்னிரண்டு பேர், எண்ணிக்கை மாறாத பழைய நட்பு வட்டம், இரண்டு நாள் கையில் இருக்கிறது என்றால் அணி மேட்ச் பிளே போல எதுவும் இனிக்காது.

இரண்டு நாள் இருந்தும் கலவையான கூட்டம் என்றால் முதல் நாள் ஸ்க்ராம்பிள், இரண்டாம் நாள் ஸ்டேபிள்ஃபோர்டு. மாற்றி வைக்காதீர்கள். முதல் நாளே தனிநபர் ஆட்டத்தில் அடிபட்டவர் மறுநாள் காலை எழுந்து வருவது சிரமம்.

பரிசு விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஹேண்டிகேப் வைத்து ஆடும் போட்டியில் அமெச்சூர் ஆட்டக்காரர் பரிசுப் பணம் வாங்கக் கூடாது என்பது 2022 முதல் அமலில் உள்ள அமெச்சூர் விதி. கோப்பை, பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் சமன் வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே அழைப்பில் எழுதிவிடுங்கள். ஸ்க்ராம்பிளில் ஸ்கோர்கள் நெருங்கியே வரும், சமன் அடிக்கடி நடக்கும். கிளப் வழக்கம், கடைசி ஒன்பது ஹோல் ஸ்கோரைப் பார்ப்பது, அதுவும் சமன் என்றால் கடைசி ஆறு, கடைசி மூன்று, பிறகு 18-வது ஹோல். வெவ்வேறு ஹோலிலிருந்து எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கியிருந்தாலும், 10 முதல் 18 வரை உள்ள ஹோல்களே கடைசி ஒன்பதாகக் கொள்ளப்படும். மேட்ச் பிளேயில் ரைடர் கோப்பை வழி: 14-14 என்றால் கோப்பை ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே இருக்கும். குடும்பப் போட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் எனக்கு உவப்பில்லை. பயிற்சி கிரீனில் சமனான அணிகள் ஆளுக்கு ஒரு நீளமான பட் அடிக்கட்டும், குழிக்கு நெருக்கமாக வந்த அணிக்குக் கோப்பை.